மெட்டுக்குப் பாவம் உண்டா?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது ஸ்கை தீவு. அதன் வடபகுதியில் கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும் இடத்துக்கு லாக் ஸ்னிசார்ட் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தக் கழியின் கோடியில், சுற்றுவட்டாரத்து மக்கள் தங்கள் வீட்டுப் பிடில்களையும் பைப்புகளையும் (பேக்பைப்) குவித்துத் தீ வைத்தார்கள். சர்க்கார் ஆள் யாரும் வந்து பிடுங்கவில்லை. ஊர்க்காரர்களே கொண்டுவந்தார்கள். கொண்டுவரச் சொன்னவர் டொனால்டு மன்ரோ. கண் தெரியாதவர். சில ஆண்டுகள் முன்புவரை அவரே அந்தப் பக்கத்துப் பிடில்காரர்.

மன்ரோ 1773இல் பிறந்தவர். சிறுவயதில் பெரியம்மை கண்டு பார்வை போயிற்று. பார்வை இல்லாத பையனுக்கு அந்தத் தீவில் வேறு என்ன பிழைப்பு இருந்திருக்கும்? பிடில் கற்றுக்கொண்டார். ஆட்டம் நடக்கும் இடமெல்லாம் போய் வாசித்தார். காதில் விழுந்ததை அப்படியே மனத்தில் நிறுத்தும் சக்தி அவருக்கு இருந்தது. விவிலியம் அதிகாரம் அதிகாரமாக நெட்டுருவாக இருந்ததால் சபை அவரை உபதேசியாராகவும் வைத்துக்கொண்டது. 1805இல் ஜான் ஃபார்க்கர்சன் என்ற போதகர் தீவுக்கு வந்தார். அவர் பிரசங்கத்தைக் கேட்ட மன்ரோ ஆளே மாறிப்போனார். பிடிலைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் ஸ்கையில் எழுந்த பக்தி அலைக்கு அவரே முன்னால் நின்றார். ஸ்னிசார்ட் தீ அந்த அலையில் வந்தது.

நான் பிடில் வாசிக்கிறவள். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் கற்றுக்கொண்டு, இப்போது கிளாஸ்கோவில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது வயிறு எரிந்தது. ஒரு பிடிலின் மரம் பழகி நாதம் கொடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கோபம் ஆறிய பிறகு ஒரு கேள்வி மட்டும் போகாமல் நின்றது. இசைக்கு மதம் இல்லை, எல்லை இல்லை என்று மேடைதோறும் சொல்கிறோம். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. மெட்டு என்பது யாரையும் ஒன்றும் செய்யாத வெறும் ஒலி என்றால் மன்ரோ அதை எரிக்க வேண்டிய தேவையே இல்லை. அவர் அதற்கு அஞ்சினார். அஞ்சும் அளவுக்கு அதை மதித்தார். அப்படியானால், சொல்லே இல்லாத ஒரு மெட்டுக்குப் பாவமோ புண்ணியமோ உண்டா? உண்டென்றால் அது எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது? ஸ்வரத்திலா, பிறந்த இடத்திலா, வாசிக்கிற கையிலா?

மன்ரோ எதைக் கண்டு அஞ்சினார் என்பது எனக்கு ஸ்கையிலேயே விளங்கியது. தீவின் தென்பகுதியில், ஸ்லீட் என்ற இடத்தில், சௌல் மோர் ஓஸ்டெக் என்ற கேலிக் மொழிக் கல்லூரி இருக்கிறது. 1973இல் தொடங்கியது. அங்கே கோடையில் பிடில் வகுப்பு நடக்கும். நான் போய் உட்கார்ந்தபோது என் வில், நம் வழக்கப்படி, நீளமாக இழுத்தே பழகியிருந்தது. ஆசிரியர் என் மணிக்கட்டைத் தொட்டு, வில்லின் நடுவிலிருந்து நுனிப்பக்கமாக நான்கு விரற்கடைக்குள்ளேயே, ரீல் என்ற வேகமான ஆட்டமெட்டு முழுவதையும் வாசிக்கச் சொன்னார். கை அசைவு சுருங்கச் சுருங்க ஸ்வரங்கள் கடுகு வெடிப்பதுபோல் தெறித்தன. ஸ்ட்ராத்ஸ்பே என்ற நிதானமான ஆட்டமெட்டு வந்ததும் வேறு பாடம். அதில் குறில் முதலில், நெடில் பிறகு. அந்தச் சுண்டலை வில்லை மேல்நோக்கித் தள்ளிக் கொடுக்க வேண்டும். நாங்கள் சம்மணமிட்டு, பிடிலின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறவர்கள். தாளம் எங்களுக்குக் கையில் இருக்கும். அங்கே நின்றுகொண்டு வாசித்தபோது என் குதிகால் தானாகத் தரையைத் தட்டிற்று. எதிரே இருந்தவர்கள் காலும் தட்டிற்று. நான் வேகத்தைக் கூட்டினால் அவர்களும் கூட்டினார்கள்.

ரீல் வாசிக்கிறவனுக்கு இன்னொருவர் உடம்பின்மீது அதிகாரம் இருக்கிறது. இரவெல்லாம் ஒரு வீட்டுக்கூடத்தை ஆட்டிவைத்த மன்ரோவுக்கு, கண் தெரியாவிட்டாலும், அந்தக் கூடத்தில் தன் வில் என்ன செய்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கும். சாராயமும் சண்டையும் காதலும் அந்தத் தாளத்தில்தான் நடந்தன. மனிதரைத் தன்னிடமிருந்து பிரித்து எடுத்துப்போகும் ஒன்றைக் கடவுளுக்குப் போட்டியாக ஒருவர் நினைத்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் அந்த நெருப்புக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்பவர் ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலாண்டு மக்களின் கேலிக் ஜெபங்களையும் மந்திரங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேகரித்து, 1900இல் 'கார்மினா கடேலிகா' என்று வெளியிட்டார். அதன் முன்னுரையில் எய்க் தீவுப் பிடில்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். பழைய பாணிக்கும் பழைய மெட்டுகளுக்கும் பெயர்போனவர். தலை நரைத்த வயதில் ஒரு போதகர் அவரைச் சபைமுன் கண்டித்தார். குடும்பத்தார் பிடிலை எரித்துவிடு என்று நச்சரித்தார்கள். கடைசியில் ஊர் சுற்றும் வியாபாரி ஒருவனுக்குப் பத்து ஷில்லிங்குக்குப் போயிற்று அந்தப் பிடில். புகழ்பெற்ற பிடில் தச்சர் ஸ்ட்ராடிவாரியின் சீடர் செய்தது என்று சொல்லப்பட்ட பிடில் அது. வாலிபத்தில் அதை வாங்கத் தன் தந்தையின் தொழுவத்திலேயே சிறந்த பசுவைக் கொடுத்திருந்தாராம் அந்த மனிதர். விலை குறைந்ததில் அவருக்கு வருத்தம் இல்லை, பிரிந்ததுதான் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. அவர் இறந்தபோது அந்த மெட்டுகளும் போயின.

மன்ரோவையும் இந்த மனிதரையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். இரண்டு பேரும் பிடிலைக் கைவிட்டவர்கள். ஒருவர் கொடுத்தார். மற்றவரிடம் வாங்கிவிட்டார்கள்.

குற்றம் கருவியில் இருக்கிறது என்று சொன்னது சபை மட்டும் இல்லை. 1746இல், ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற எழுந்த ஜாக்கோபைட் கலகம் தோற்றபின், ஜேம்ஸ் ரீட் என்ற பைப்காரரை யார்க் நகரில் நிறுத்தி விசாரித்தார்கள். நான் வாள் எடுக்கவில்லை, பைப்தான் ஊதினேன் என்பது அவர் தரப்பு. பைப் இல்லாமல் ஹைலாண்டுப் படை கிளம்பியதே இல்லை, ஆகவே பைப்பும் போர்க்கருவிதான் என்று சொல்லித் தூக்கிலிட்டார்கள். (அந்த ஆண்டுச் சட்டம் பைப்பையே தடை செய்தது என்று பலரும் சொல்வார்கள், சட்டத்தில் தடை செய்யப்பட்டவை ஆயுதங்களும் ஹைலாண்டு உடையும்தான்.) 35 ஆண்டு கழித்து, 1781 ஜூலை 1, நம் பரங்கிப்பேட்டை. ஹைதர் அலியின் படைக்கு எதிரே, மெக்லியோட் பிரபு திரட்டிய ஹைலாண்டு ரெஜிமெண்ட். பைப்காரர்கள் சண்டை நடுவிலும் விடாமல் ஊதியதைப் பார்த்துத் தளபதி அயர் கூட், உங்களுக்கு வெள்ளியில் பைப் செய்து தருகிறேன் என்றாராம். அதற்காக 50 பவுன் கொடுத்தார் என்று ரெஜிமெண்டின் வரலாறு சொல்கிறது. ஒரே கருவி, ஊதிய விதமும் அதேதான். ஒருமுறை தூக்குக்கயிறு, இன்னொருமுறை வெள்ளி. பாவத்தைக் கருவியில் தேடுவது வீண்.

ஸ்வரத்தில் இருக்குமா? பைப்புக்கு மொத்தமே ஒன்பது ஸ்வரம். மூன்று ஒத்துக்குழல்கள் ஓயாமல் ஒரே சுருதியைப் பிடித்திருக்கும். காற்றுப் பை அழுத்தத்தில் இருக்கும்வரை ஒலியை நிறுத்த முடியாது. சன்னமாக்கவும் உரக்க எழுப்பவும் வழியில்லை. ஒரு ஸ்வரத்தை இரண்டாம் தடவை சொல்ல வேண்டுமென்றால் நடுவே வேறொரு ஸ்வரத்தை மின்னல்போல் தொட்டுவிட்டு வர வேண்டும். மௌனம் இல்லாத கருவி அது. அந்தக் கருவிக்காக ஹைலாண்டில் உருவானதுதான் கியோல் மோர், பெரிய இசை. முதலில் ஊர்லார் எனும் தரைமெட்டை மிக மெதுவாக வைப்பார்கள். பிறகு அதன் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் விரலடிகள் கூடக் கூட, கடினமாகிக்கொண்டே போகும். உச்சிக்குப் போனதும் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பத் தரைமெட்டுக்கே வந்து நிறுத்துவார்கள்.

இன்வர்னெஸில் ஆண்டுதோறும் நடக்கும் பைப் போட்டியில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதத் தொடங்குமுன் மேடையில் மெல்ல நடந்தபடி சுருதி சேர்த்தார். இடது தோளுக்கு மேல் கையை உயர்த்தி ஒத்துக்குழலின் மூட்டை ஒரு நெல்லளவு இழுத்தார். இரண்டு ஒத்துகளுக்கு நடுவே உறுமிக்கொண்டிருந்த அலை மெதுவாகி, மெதுவாகி, நின்றுபோயிற்று. மூன்றும் ஒன்றானதும் அரங்கம் முழுக்க அந்த ஒலி நிறைந்துவிட்டது. அவர் அன்று ஊதியது 'பிள்ளைகளுக்கான ஒப்பாரி'.

அது பாட்ரிக் மோர் மெக்ரிமன் இயற்றியது என்பது மரபு. 17ஆம் நூற்றாண்டில் ஸ்கையின் டன்வேகன் கோட்டையில் மெக்லியோட் குலத் தலைவருக்குப் பைப் ஊதிய பரம்பரை அது. எட்டு மகன்களுடன் கோவிலுக்கு நடந்துபோன மனிதர், ஓராண்டுக்குள் ஏழு பேரைப் பெரியம்மைக்குக் கொடுத்தார் என்பது கதை. ஏழு என்ற எண் எனக்கு விவிலியத்தின் யோபுவை நினைவூட்டுகிறது. அவரும் ஏழு ஆண்மக்களை ஒரே நாளில் இழந்தவர். கதையை வாய்வழி காத்த மக்களும் விவிலியம் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே அந்த எண்ணைக் கணக்காக எடுக்க நான் தயங்குவேன். ஆனால் யோபு வாய்விட்டு வாதாடினார், புயலிலிருந்து கடவுளும் பதில் சொன்னார். இந்த மெட்டில் வாதமும் இல்லை, பதிலும் இல்லை. கடவுள் பெயர் இல்லை, பிள்ளைகள் பெயர் இல்லை. தரைமெட்டு, சுற்றுகள், மறுபடி தரைமெட்டு. இதை ஜெபம் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். யாரை நோக்கி என்று சொல்லாமலே தன்னிடம் இருந்ததையெல்லாம் ஒருவர் முன்னால் வைத்துவிட்டார்.

பிடிலிலும் அப்படி ஒன்று இருக்கிறது. டன்கெல்டுக்குப் பக்கத்தில் இன்வர் என்ற சிற்றூரில் வாழ்ந்த நீல் கௌ, ஸ்காட்லாந்துப் பிடில்காரர்களில் முதல் வரிசை. 1805இல் இரண்டாம் மனைவி மார்கரெட் இறந்தபோது அவருக்கு 78 வயது. அவளுக்காக அவர் வைத்த ஒப்பாரியை இன்றும் வாசிக்கிறார்கள். நம் காதுக்கு அது கிட்டத்தட்டச் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். கல்யாண வீட்டுக்கும் பொருந்தும் வெளிச்சமான ஸ்வரங்கள். அதிலேதான் அந்தக் கிழவர் அழுதிருக்கிறார். துக்கம் ஸ்வரத்தில் இல்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மெட்டுக்குத் தனியாகப் பாவம் இல்லை என்பதைச் சபையே ஒரு விஷயத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. விவிலியத்தில் உள்ள தாவீதின் சங்கீதங்களை வாத்தியம் இல்லாமல் பாடுவதுதான் ஸ்காட்டிஷ் சீர்திருத்த சபைகளின் பழைய வழக்கம். 1615இல் அச்சான சங்கீதப் புத்தகத்தில் எந்தச் சங்கீதத்துக்கும் பொருந்தும் 12 பொது மெட்டுகள் இருந்தன. இவற்றைப் பழக வேண்டுமே. பழகும்போது தப்பு வரும், நிறுத்தித் தொடங்குவார்கள், சிரிப்பார்கள். வேத வாக்கியத்தை அப்படிப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது அவமரியாதை என்று, பழகுவதற்கென்றே வேறு சாதாரணச் செய்யுள்கள் கட்டி அதே மெட்டில் பாடினார்கள். அதாவது, மெட்டு கொட்டகையில் கிடக்கலாம், சொல்தான் கிடக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் மெட்டு ஒரு பாத்திரம்தான், தனக்கென்று தீட்டும் இல்லை, புனிதமும் இல்லை. இதைத் தெரிந்து வைத்திருந்த சபைதான் சொல் இல்லாத ரீலைப் பாவம் என்றது. இந்த முரணை அந்தப் போதகர்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

லூயிஸ் தீவில் கேலிக் சங்கீதம் பாடுவதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். முன்பாடுபவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். சபை அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் சேர்ந்து பாடாது. ஒவ்வொருவரும் தன் போக்கில், தன் பிருகாக்களுடன், சற்று முன்னும் பின்னுமாக அதே மெட்டைச் சுமந்துகொண்டு போவார்கள். யாரும் யாரையும் திருத்துவதில்லை. ஒரு வரி முடிந்து எல்லாரும் கரை சேருவதற்குள் முன்பாடுபவர் அடுத்ததை எடுத்துவிடுவார். என் பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் ஒரே அசைவில் ஐந்தாறு ஸ்வரங்களைத் தொட்டுத் திரும்பினார். பைப்காரர்களின் விரலடி என் காதில் ஒலித்தது. தீயில் போட்டது தொண்டையில் தங்கிவிட்டதோ என்று தோன்றிற்று. இது என் காதின் அபிப்பிராயம், வரலாறு அல்ல. வாத்தியத் தடையோ நெடுநாள் நீடித்தது. ஸ்காட்லாந்தின் சுதந்திர சபை 2010இல்தான் வழிபாட்டில் வாத்தியங்களுக்கு அனுமதி தந்தது, அதுவும் அந்தந்தச் சபையின் விருப்பத்துக்கு விட்டு.

புனிதம் என்பது ஒதுக்கிவைப்பதாலும் வருகிறது. 'காட்டின் மலர்கள்' என்ற மெட்டு அப்படிப்பட்டது. 1513இல் ஃபிளாடன் போரில் நான்காம் ஜேம்ஸ் மன்னரும் அவர் படையும் விழுந்ததற்கான ஒப்பாரி அது. 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஸ்கீன் கையெழுத்துப் பிரதியில் அந்தப் பெயரில் மெட்டு இருக்கிறது. பைப்காரர்கள் பலர் அதைச் சாவுக்கும் நினைவு நாளுக்கும் தவிர வேறெங்கும் ஊத மாட்டார்கள். பழகுவதானால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டுதான். ஸ்வரத்தைப் பார்த்தால் மற்ற மெட்டுகளைப்போல அதுவும் ஒன்றுதான். பல தலைமுறை விரல்கள் பேசாமல் இருந்து கொடுத்த மரியாதை அதன்மேல் ஏறியிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, உலகமே ஹைலாண்டுப் பழமை என்று நம்பும் 'அமேசிங் கிரேஸ்' மெட்டு அமெரிக்கப் பாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்தது. 1972இல் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றின் பைப் இசைத்தட்டுதான் அதற்கு இந்த உடையை உடுத்திற்று. கல்யாணங்களில் ஊதும் 'ஹைலாண்டு கதீட்ரல்' 1982இல் இரண்டு ஜெர்மன்காரர்கள் இயற்றியது. அவற்றைக் கேட்டு அழுகிறவர்கள் ஏமாந்துபோனவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பிறந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், அது இயற்றியவருக்கு நாம் பட்ட கடன். ஆனால் பிறந்த இடம் புனிதத்தைத் தருவதும் இல்லை, கெடுப்பதும் இல்லை.

இப்போது ஒரு ரீலுக்கு வருகிறேன். ஸ்லீட் வகுப்பில் நான் கற்ற மெட்டுகளில் ஒன்று 'லார்டு மெக்டொனால்டின் ரீல்'. முதல் இரண்டு ஆவர்த்தம் வாசித்ததும் என் இடதுகை விரல்கள் ஆசிரியரை முந்திக்கொண்டு போயின. சிறுமியாக இருந்தபோது நான் கற்ற நோட்டுஸ்வரம் அது: 'ஜகதீச குருகுஹ', முத்துசுவாமி தீட்சிதர் சாகித்யம்.

தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர். மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவில் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியம் அவர் காதில் விழுந்தது. தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் பிடிலே கற்றுக்கொண்டார். இன்று நம் கச்சேரி மேடையில் பிடில் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் ஏறத்தாழ 40 சாகித்யங்கள் கட்டினார்; அவைதான் நோட்டுஸ்வரங்கள். 'ஜகதீச குருகுஹ'வின் மெட்டு 'லார்டு மெக்டொனால்டின் ரீல்' என்று இசை ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.

அந்த லார்டு மெக்டொனால்டு யார்? ஸ்லீட்டின் நிலக்கிழார் அலெக்சாண்டர் மெக்டொனால்டு. தானே பிடில் வாசித்தவர். அந்த ரீல் அவர் இயற்றியதே என்பது மரபு. 1773இல் எழுத்தாளர்கள் சாமுவேல் ஜான்சனும் பாஸ்வெல்லும் அவர் இடத்துக்குப் போனபோது குத்தகை உயர்வும் குடிபெயர்வும்தான் எங்கும் பேச்சு. அங்கே ஆர்மடேலில் 'அமெரிக்கா' என்ற ஓர் ஆட்டம் ஆடினார்கள் என்று பாஸ்வெல் எழுதுகிறார். ஒரு ஜோடி சுழன்று அடுத்த ஜோடியை இழுத்துவிட, அது அடுத்ததை இழுக்க, கடைசியில் கூடம் முழுக்கச் சுழலும். ஒரு குடும்பம் கப்பல் ஏறினால் அடுத்ததும் ஏறும் என்பதைக் காட்டும் ஆட்டம். அவர்களோடு மெட்டுகளும் கப்பல் ஏறின. இதே ரீல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் 'லெதர் பிரிச்சஸ்' என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. ஊரைவிட்டுப் போன குடிகளின் பெருமூச்சும், வீட்டுக்கூடத்துச் சாராய நெடியும், கோட்டைப் பேண்டின் சீருடையும் ஒட்டிய மெட்டு. கறை இல்லாத மெட்டு என்று அதைச் சொல்ல மாட்டேன்.

ஸ்கையின் பிடில்கள் எரிந்த தலைமுறையிலேயே, அந்தத் தீவின் ரீல் ஒன்று நம் தமிழ் மண்ணில் ஸ்தோத்திரமாகிவிட்டது. தீட்சிதர் அதை முதலில் கழுவிச் சுத்தப்படுத்தவில்லை. கமகம் ஏற்றவில்லை, ஸ்வரங்களை நேராகவே விட்டார். நிவேதனத்துக்கு வைக்கும் அரிசி எந்த வயலில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. வைத்தபோதுதான் அது நிவேதனம். அவரும் கிடைத்த மெட்டைக் கிடைத்தபடி வைத்தார்.

இப்படி யோசித்துக்கொண்டே போனபோது மன்ரோவும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தார். அவரும் வைத்தவர்தான். பார்வையில்லாத வாழ்க்கையில் தனக்கு இருந்த ஒரே செல்வத்தைக் கடவுள் முன்னால் வைத்தார். அந்த முதல் பிடிலை நான் வணங்குகிறேன். சொல்லை வைத்துப் படைத்தார் ஒருவர், மௌனத்தை வைத்துப் படைத்தார் இன்னொருவர். மன்ரோவிடம் என் வழக்கு அடுத்த பிடிலைப் பற்றித்தான், ஸ்னிசார்ட்டில் குவிந்த மற்ற பிடில்களைப் பற்றி. நாலு பேர் பார்க்க, அண்டைவீட்டார் கொண்டுவந்துவிட்டார்களே என்று, மனைவியும் மக்களும் நச்சரிக்க, தூக்கமில்லாமல் கொண்டுவந்து போட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டார்களா? எய்க் தீவுக் கிழவரை வைத்துப் பார்த்தால் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கையைப் பிடித்து முறுக்கி வாங்கியதைக் கடவுள் காணிக்கையாக எடுத்துக்கொள்வார் என்று என்னால் நம்ப முடியவில்லை. பாவம் என்று ஒன்று அந்தக் கரையில் நடந்திருந்தால் அது மெட்டில் இல்லை, அந்த முறுக்கலில்தான் இருந்தது.

கிளாஸ்கோவில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த மெட்டை முதலில் ரீலாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எழுந்து நின்று, பிடிலைத் தாடையில் வைத்து, ஆட்டத்துக்கான வேகத்தில். மெக்டொனால்டு பெயரையும் சொல்வேன், கப்பல் ஏறிய குடிகளையும் சொல்வேன். பிறகு எல்லாரும் தரையில் உட்கார்ந்து, பிடிலைக் காலில் ஊன்றி, சாகித்யத்தோடு நிதானமாக வாசிப்போம். பேத்தியை அழைத்துவரும் ஸ்ரீரங்கத்து மாமா ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "ஏம்மா, தீட்சிதர் கிருதியைக் குழந்தைகளுக்கு ஆட்டப் பாட்டா காட்டலாமோ? சாமிக்கு வச்சதைத் திரும்ப எடுக்கறாப்லன்னா இருக்கு?" என்று கேட்டார். "எடுக்கலை மாமா, எங்கேர்ந்து கொண்டுவந்து வச்சார்னு காட்டறேன், அவ்வளவுதான்" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. படைத்ததைத் திரும்பத் தொடாமல் இருப்பதும் ஒரு மரியாதைதான், 'காட்டின் மலர்கள்' ஊதுகிறவர்களுக்கு அது தெரியும். ரீல் வாசிக்கும்போது அவர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். சாகித்யம் தொடங்கியதும் உள்ளே வருகிறார். முன்னாலேயே வாருங்கள் என்று நான் அவரை வற்புறுத்துவதில்லை.